கடவுளில் தொடங்கிய பாடநூல்

நமக்குச் செப்டம்பர் 5 எப்படியோ, செக் குடியரசு மக்களுக்கு மார்ச் 28 அப்படி. அன்றுதான் அங்கே ஆசிரியர் நாள். 1592-ஆம் ஆண்டு அதே நாளில் மொராவியாவில் பிறந்த யான் ஆமோஸ் கொமேனியஸின் நினைவாக அது கொண்டாடப்படுகிறது. அந்நாட்டின் 200 கொருனா பணத்தாளிலும் அவர் உருவமே இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. கல்வியியல் நூல்களில் அவர் நவீனக் கல்வியின் தந்தை. குழந்தைகளுக்குப் படங்களோடு பாடநூல் ஆக்கித் தந்தவர். தேர்வுக்கு இந்த இரண்டு வரிகள் போதும். நானும் அந்த இரண்டு வரிகளோடுதான் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து, பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வாழ்க்கையையும் நூல்களையும் நிதானமாகப் படித்தபோதுதான், அந்த இரண்டு வரிகள் எதைச் சொல்லாமல் விட்டன என்பது புரிந்தது. கொமேனியஸ் முதலில் ஒரு போதகர். தம் திருச்சபையின் கடைசி ஆயர்களுள் ஒருவர். மொழி, இயற்பியல், வானியல், வரலாறு, கைத்தொழில் என எந்தப் பாடமானாலும் அது கடவுளிடமிருந்து புறப்பட்டுக் கடவுளிடமே சேர வேண்டும் என்று நம்பியவர். அவருடைய கல்விச் சீர்திருத்தங்கள் எல்லாமே அந்த நம்பிக்கையின் கிளைகள்.

பாடத்துக்குள் மதம் வரலாமா என்ற கேள்வி இன்றும் நம்மைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது நம் அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனங்களில் இசைவின்றி எவரையும் அதில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்றும் அது கூறுகிறது. சட்டம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. ஆனால், சட்டத்துக்கு எட்டாத ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஆழ்ந்த நம்பிக்கையுள்ள ஓர் ஆசிரியர், அந்த நம்பிக்கையைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைய முடியுமா? முடியாது என்றால், உள்ளே வந்துவிட்ட நம்பிக்கை அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? இதற்கு விடை தேடுவோருக்கு கொமேனியஸின் வாழ்க்கையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஏனென்றால், செய்யத் தக்கதை மட்டுமல்ல, செய்யத் தகாததையும் அவர் முழு மனத்தோடு செய்து பார்த்தவர்.

பன்னிரண்டு வயதில் அவர் பெற்றோரை இழந்தார். உறவினர் வீட்டில் வளர்ந்த அநாதைச் சிறுவனின் படிப்பில் யாரும் அக்கறை காட்டவில்லை. பதினாறு வயதில்தான் ப்ரெரொவ் நகரின் இலத்தீன் பள்ளியில் சேர முடிந்தது. உடன் படித்தவர்கள் சிறுவர்கள். இவரோ ஏறத்தாழ இளைஞர். அந்தத் தாமதமே அவருக்கு ஒரு கண்ணைத் திறந்தது. பிள்ளைகள் பொருள் புரியாமல் இலக்கண விதிகளை உருப்போடுவதையும், தவறினால் பிரம்படி படுவதையும் அவர் வளர்ந்த மனிதரின் பார்வையில் கண்டார். பள்ளிகளை மனங்களின் கொலைக்களங்கள் என்று பின்னாளில் அவர் சாடியதற்கான விதை அங்கே விழுந்தது.

அவர் பிறந்தது சகோதரர் ஐக்கியம் என்ற சிறிய திருச்சபையில். 1415-இல் தீயிலிட்டுக் கொல்லப்பட்ட யான் ஹுஸின் வழியில் வந்த அந்தச் சபை, பள்ளிகளையும் அச்சகத்தையும் தன் இரு கைகளாகப் போற்றியது. அந்தச் சபையே அவரை 1611-இல் ஜெர்மனியின் ஹெர்போர்ன் கல்விக்கூடத்துக்கு அனுப்பியது. அங்கே யோஹான் ஹைன்ரிஹ் ஆல்ஸ்டெட் என்னும் கலைக்களஞ்சிய அறிஞர் ஆசிரியராக வாய்த்தார். மனிதர் அறிந்த அனைத்தையும் ஒரே ஒழுங்கில் அடுக்கிக் காட்ட முடியும் என்ற எண்ணம் அவரிடமிருந்தே மாணவருக்கு வந்தது. பிறகு ஹைடல்பெர்க். அந்த நகரில், 1614-இன் தொடக்கத்தில், கொமேனியஸ் ஒரு பழைய கைப்பிரதியை விலைக்கு வாங்கினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ், தம் கைப்படவே எழுதிய மூலப் பிரதி அது. இன்று கிராக்கோவ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அந்தப் பிரதியைச் சொந்தமாக வைத்திருந்த கொமேனியஸ், அதில் எழுதியிருந்ததைக் கடைசிவரை ஏற்கவில்லை. இந்த முரண் பின்னால் நமக்கு உதவும்.

ஊர் திரும்பியவர் ஆசிரியராகப் பணியாற்றினார். 1616-இல் குருத்துவம் பெற்றார். 1618-இல் ஃபுல்னெக் நகரின் போதகராகவும் பள்ளித் தலைவராகவும் பொறுப்பேற்றார். திருமணமும் அந்த ஆண்டில்தான். முப்பதாண்டுப் போர் வெடித்ததும் அதே ஆண்டில்தான். 1620 நவம்பரில் பிராக் நகருக்கு அருகே வெண்மலைப் போரில் செக் புராட்டஸ்டன்டுகள் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஃபுல்னெக் சூறையாடப்பட்டது. கொமேனியஸ் தலைமறைவானார். 1622-இல் மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளைநோயில் மடிந்தார்கள். அவர் விட்டுவந்த நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன.

மறைந்து திரிந்த அந்த நாள்களில், உலகம் ஒரு குழப்பமான நகரம் என்றும் அதில் அமைதி தேடி அலைபவன் கடைசியில் தன் இதயத்துக்குள்ளேதான் கடவுளைக் காண்கிறான் என்றும் ஓர் உருவகக் கதையை அவர் செக் மொழியில் எழுதினார். இன்றும் அம்மொழியின் செவ்வியல் நூல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. உலகம் பொய் என்று சொல்லி ஒதுங்கிவிட அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால், அவர் ஒதுங்கவில்லை. 1628-இல் கத்தோலிக்கரல்லாதோர் நாட்டில் இருக்க முடியாத நிலை வந்தபோது, தம் சபையினரோடு எல்லை கடந்து போலந்தின் லெஸ்னோ நகருக்குப் போனார். அங்கே பள்ளி ஆசிரியரானார். என்றாவது தாய்நாடு திரும்பினால் முதலில் கட்டி எழுப்ப வேண்டியது பள்ளிக்கூடத்தைத்தான் என்று தீர்மானித்தார். அவருடைய புகழ்பெற்ற கல்வியியல் நூலின் முதல் வடிவம் செக் மொழியில் எழுந்தது அந்த எதிர்பார்ப்பில்தான். அந்த நாள் வரவே இல்லை. எஞ்சிய நாற்பத்திரண்டு ஆண்டுகளும் அவர் அகதியாகவே வாழ்ந்தார்.

லெஸ்னோவில் அவர் எழுதியவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் என் கேள்விக்கான விடை இருக்கிறது.

முதல் வகை, குழந்தையிடமிருந்து தொடங்கும் நூல்கள். 1631-இல் வந்த அவருடைய இலத்தீன் பாடநூல், 8,000 சொற்களை 1,000 வாக்கியங்களில் அமைத்து 100 அதிகாரங்களாகப் பகுத்திருந்தது. மொழியைத் தனியாகவும் உலகைத் தனியாகவும் கற்பிக்காமல், உலகைச் சொல்லிக்கொண்டே மொழியைச் சொல்லித்தருவது அதன் முறை. உலகின் தோற்றத்தில் தொடங்கி, தாவரம், விலங்கு, உடல், தொழில், அரசு என்று நடந்து, கடவுளின் பராமரிப்பில் அது போய் முடிகிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பெயர்க்கப்பட்டு, எழுதியவரை ஒரே வீச்சில் கண்டம் அறிந்தவராக்கியது. ஊரில்லாத ஒருவரின் பெயர் ஊரெல்லாம் தெரிந்த பெயரானது.

அதே ஆண்டுகளில் தாய்மார்களுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். ஆறு வயது வரை குழந்தைக்குத் தாயின் மடியே பள்ளி என்பது அதன் அடிப்படை. ஒளியும் இருளும் அறிவது ஒளியியலின் தொடக்கம். சூரியனையும் நிலவையும் சுட்டிக்காட்டுவது வானியலின் தொடக்கம். மேடு பள்ளம் அறிவது புவியியல். நேற்று நடந்ததை நினைவு கூர்வது வரலாறு. அதிகம், குறைவு என்று சொல்லத் தெரிவது கணக்கு. எல்லா அறிவுக்கும் வித்து அந்த ஆறு ஆண்டுகளில் ஊன்றப்படுகிறது என்றார். குழந்தையைக் கடவுள் பெற்றோரிடம் ஒப்படைத்த விலைமதிப்பற்ற பொருளாகக் கருதியதால்தான் அவரால் இப்படிப் பார்க்க முடிந்தது.

பெருங்கல்வியியல் என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய முதன்மை நூல், பின்னர் இலத்தீனில் விரிவாக்கப்பட்டு 1657-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. கல்வியின் நோக்கங்கள் மூன்று என்கிறது அது: அறிவு, ஒழுக்கம், பக்தி. இந்த மூன்றும் ஒரே மரத்தின் பகுதிகள் என்பதால் ஒன்றை விட்டு ஒன்றைக் கற்பிக்க முடியாது என்பது அவர் வாதம். இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் அக்காலத்தைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். எல்லா மனிதரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்றால், பள்ளிக்கூடம் எல்லோருக்கும் உரியது. பணக்காரர், ஏழை, நகரத்தார், கிராமத்தார், ஆண், பெண் என எவரையும் விலக்க மனிதருக்கு உரிமையில்லை. பெண்களுக்குக் கூர்மையான அறிவைக் கொடுத்த கடவுள், அதைப் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்லியிருப்பாரா என்பது அவர் கேள்வியின் சாரம். கற்கத் திணறும் பிள்ளைக்கு உதவி குறைவாக அல்ல, கூடுதலாகத் தேவை என்றார். பாடம் புரியவில்லை என்பதற்காக அடிப்பதைக் கண்டித்தார். பிள்ளை கற்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் கற்பிப்பவரிடம் இருக்கிறது என்றார்.

கற்பிக்கும் முறைக்கும் அவர் இறையியலிலிருந்தே வழி கண்டார். கடவுள் முதலில் பொருள்களைப் படைத்தார். பெயர்கள் பிறகு வந்தன. ஆகவே, வகுப்பிலும் பொருள் முன்னே, சொல் பின்னே. புலன்கள் கடவுள் வைத்த வாசல்கள். அவற்றை மூடிவிட்டு மனப்பாடத்தை மட்டும் நம்புவது படைப்பையே அவமதிப்பது. பறவை கூடு கட்டும் பருவம், தோட்டக்காரர் ஒட்டுப்போடும் நேரம், சூரியன் ஒரே சமயத்தில் ஒரு நிலப்பரப்பு முழுவதையும் வெளிச்சமாக்கும் விதம் என இயற்கையிலிருந்தே ஆசிரியருக்கான விதிகளை எடுத்தார். இயற்கை, மனித மனம், விவிலியம் ஆகிய மூன்றும் ஒரே ஆசிரியர் எழுதிய மூன்று நூல்கள் என்பது அவர் கொள்கை.

இந்த எண்ணத்தின் முழு மலர்ச்சி, உலகைப் படங்களில் காட்டும் அவருடைய புகழ்பெற்ற நூல். 1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் ஷாரோஷ்படாக் நகரில் பள்ளிச் சீர்திருத்தத்துக்காக அவர் தங்கியிருந்தபோது அது உருவானது. ஏழு வகுப்புகள் கொண்ட பள்ளியைத் திட்டமிட்டார், மூன்றுதான் நடந்தன. பிள்ளைகள் பாடங்களை நாடகமாக நடிப்பதற்கும் எழுதிக் கொடுத்தார். படநூல் 1658-இல் நியூரம்பெர்க்கில் இலத்தீனிலும் ஜெர்மனிலும் வெளிவந்தது. மறு ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. 150 படங்கள். ஒவ்வொரு படத்திலும் பொருள்களுக்கு எண்கள்; எதிரே இரு மொழிகளில் அதே எண்களோடு சொற்கள். எழுத்துகளை அறிமுகப்படுத்தும் பகுதியில் காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது. அந்த ஒலிகள் வழியே எழுத்து மனத்தில் பதிகிறது.

முதல் அதிகாரம் கடவுள். கடைசி அதிகாரம் இறுதித் தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே நெருப்பு, மேகம், உலோகம், மலர், பறவை, மனித உடல், உழவு, ரொட்டி சுடுதல், தேன் எடுத்தல், தச்சு வேலை, அச்சுக்கூடம், பள்ளி, பந்து விளையாட்டு என ஒரு பிள்ளை காணும் உலகம் முழுவதும் வரிசையாக நிற்கிறது. யூதம், இஸ்லாம் ஆகியவற்றுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு, கிறிஸ்தவப் பார்வையில் எழுதப்பட்டிருந்தாலும். எனக்கு மிகவும் பிடித்தது முதல் படம். எல்லாவற்றையும் கண்ணுக்குக் காட்டியே கற்பிக்க வேண்டும் என்று உறுதிகொண்ட ஒருவர், கடவுளுக்கு மனித உருவம் வரையவில்லை. கதிர் வீசும் ஒளி மட்டுமே அங்கே இருக்கிறது. காட்ட முடியாத ஒன்று இருக்கிறது என்பதையும் பிள்ளை முதல் பக்கத்திலேயே கற்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, தம் சிறுவயதில் கையில் கிடைத்த நூலாக அதை ஜெர்மானியக் கவிஞர் கதே நினைவுகூர்ந்தார்.

நம்பிக்கை பாடத்துக்குள் வந்ததால் கிடைத்த நன்மை இவ்வளவு என்றால், நம்பிக்கையுள்ளோர் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடிவிடலாம். ஆனால், இரண்டாவது வகை நூல்களும் இருக்கின்றன. அறிவியல் ஆசிரியனாக என்னால் அவற்றைத் தாண்டிப் போக முடியவில்லை.

1633-இல் அவர் ஓர் இயற்பியல் நூலை வெளியிட்டார். இறை ஒளியின் துணையால் இயற்பியலைச் சீர்திருத்துவது அதன் நோக்கம் என்பதைத் தலைப்பே சொன்னது. புலன், பகுத்தறிவு, விவிலியம் மூன்றையும் ஒருங்கே சான்றாகக் கொள்ள வேண்டும் என்றது. ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களிலிருந்து பருப்பொருள், ஆவி, ஒளி என மூன்று அடிப்படைத் தத்துவங்களை எடுத்து, இயற்கை நிகழ்வுகள் அனைத்தையும் அவற்றால் விளக்க முயன்றது. ஐந்தே ஆண்டுகளில், 1638-இல், கலிலியோவின் இயக்கவியல் நூல் லெய்டன் நகரில் அச்சேறியது. விழும் பொருள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விழுகிறது என்று அளந்து சொன்ன நூல் அது. இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை படிப்பது கலிலியோ காட்டிய வழியைத்தான். கொமேனியஸின் இயற்பியலை வரலாற்று ஆய்வாளர்கள் மட்டுமே படிக்கிறார்கள்.

கோப்பர்நிக்கஸின் கையெழுத்துப் பிரதி வீட்டிலிருந்தும் பூமி அசையாதது என்று அவர் நம்பியதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருங்கல்வியியலின் 25-ஆவது அதிகாரத்தையும் சேர்க்க வேண்டும். கிறிஸ்தவப் பள்ளிகளிலிருந்து பிற சமயத்துப் பண்டை எழுத்தாளர்களின் நூல்களை அகற்ற வேண்டும், அல்லது மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று அதில் வாதிட்டார். செனக்கா, எபிக்டெட்டஸ், பிளேட்டோ போன்ற சிலருக்கு மட்டும் ஓரளவு இடம் கொடுத்தார். தம் நூல்களைச் சதுக்கத்தில் தீக்கு இழந்த ஒருவர், பிறர் நூல்களை அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னார். துன்பப்பட்டவர்கள் எல்லோரும் துன்புறுத்தாமையைக் கற்றுக்கொண்டுவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு கசப்பான சான்று.

1642-இல் ஹாலந்தில் அவர் ரெனே டெக்கார்ட்டைச் சந்தித்தார். நண்பர் சாமுவேல் ஹார்ட்லிப்பின் அழைப்பில் முந்தைய ஆண்டு இலண்டன் சென்று, உள்நாட்டுப் போர் மூண்டதால் திட்டங்கள் கைகூடாமல், சுவீடன் நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடநூல் எழுதச் சென்றுகொண்டிருந்த வழி அது. இருவரும் நான்கு மணி நேரம் பேசினார்கள். தத்துவத்தின் எல்லையைத் தாண்டித் தாம் போகப் போவதில்லை என்றும், கொமேனியஸ் தேடும் முழுமையில் ஒரு பகுதியே தம்மிடம் கிடைக்கும் என்றும் டெக்கார்ட் சொன்னதாக கொமேனியஸே பதிவு செய்திருக்கிறார். மரியாதையோடு பிரிந்தார்கள். இறையியலையும் அறிவியலையும் ஒரே பாத்திரத்தில் வைப்பதா, தனித்தனியே வைப்பதா என்ற கேள்வியில் ஐரோப்பா எந்தப் பக்கம் போகப் போகிறது என்பது அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது வரும் கேடு அவருடைய சொந்த வாழ்விலும் வந்தது. 1648-இல் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை செக் அகதிகளைக் கைவிட்டது. அவர் தம் சபையின் தலைமை ஆயர் பொறுப்பை ஏற்றதும், இரண்டாம் மனைவியை இழந்ததும் அதே ஆண்டில்தான். இனி நாடு திரும்ப எந்த அரசியல் வழியும் இல்லை என்றான பிறகு, ஹாப்ஸ்பர்க் அரசு விழப் போகிறது என்று கூறிய தீர்க்கதரிசிகளின் வாக்குகளை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். 1657-இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். 1655-இல் போலந்தின் மீது படையெடுத்த சுவீடன் மன்னர் பத்தாம் கார்லைப் புகழ்ந்து எழுதினார். அதன் விலை உடனே கேட்கப்பட்டது. 1656 ஏப்ரல் இறுதியில் போலந்துப் படைகள் லெஸ்னோவைத் தீக்கிரையாக்கின. அவருடைய வீடும் நூலகமும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொகுத்து வந்த செக் மொழி அகராதியின் கைப்பிரதியும் சாம்பலாயின. தமக்கு ஆதரவளித்த ஊரே எரிந்ததில் தம் எழுத்துக்கும் பங்கு இருந்தது என்ற பழியும் அவரைச் சேர்ந்தது. அவர் நம்பிய தீர்க்கதரிசிகளுள் ஒருவரான மிக்குலாஷ் ட்ராபீக், கொமேனியஸ் இறந்த மறு ஆண்டு தலை வெட்டிக் கொல்லப்பட்டார். ஹாப்ஸ்பர்க் அரசு மேலும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

அறுபத்து நான்கு வயதில் மீண்டும் வெறுங்கையோடு நின்றவருக்கு ஆம்ஸ்டர்டாம் இடம் கொடுத்தது. அங்கே அவர் தம் இறுதிப் பெரும்பணியில் மூழ்கினார். மனித வாழ்வின் அனைத்தையும் சீர்திருத்துவது பற்றிய ஏழு பாகங்கள் கொண்ட ஒரு பெருநூல் அது. அதன் நடுநாயகமான நான்காம் பாகம் கல்வி பற்றியது. எல்லோருக்கும், எல்லாமும், எல்லா வழிகளாலும் கற்பிக்க வேண்டும் என்பதும், பிறப்பு முதல் இறப்பு வரை வாழ்வின் ஒவ்வொரு பருவமும் ஒரு பள்ளி என்பதும் அதன் கருத்து. இந்த நூலில் அழைக்கப்படுவோர் கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லர். உலகின் எல்லா மக்களும் கூடி ஆலோசிக்கத்தான் அழைப்பு. எதையும் வலிந்து திணிக்காமல் இயல்பாகப் பாயவிட வேண்டும் என்பதே அவர் தம் நூல்களின் முகப்பில் வைத்த சின்னத்தின் பொருள். முதுமையில் அந்தச் சின்னத்துக்கு அவர் இன்னும் நெருங்கி வந்தார் என்று சொல்லலாம். 1670 நவம்பர் 15-இல் அவர் காலமானார். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே நார்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். பெருநூலின் முதல் இரு பாகங்களே அவர் காலத்தில் அச்சாயின. மற்றவை காணாமல் போயின.

அந்தக் கைப்பிரதியின் கதையில் தமிழ்நாடும் ஒரு மூலையில் வருகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும், பக்தியையும் உலக அறிவையும் சேர்த்துக் கற்பிப்பதில் கொமேனியஸின் வழியைப் பின்பற்றியவை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அந்த ஹாலேயில் பயின்றவர். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். தமிழ் ஓலைச்சுவடிகளை ஹாலேக்கு அனுப்பினார்கள். நம் சுவடிகள் போய்ச் சேர்ந்த அந்த இல்லத்தின் நூலகத்திலேதான் கொமேனியஸின் பெருநூலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் யாரும் அறியாமல் உறங்கிக் கிடந்தது. 1930-களின் நடுவில் டிமிட்ரோ சிஷெவ்ஸ்கி என்ற அறிஞர் அதைக் கண்டெடுத்தார். 1966-இல் பிராக் நகரில் அது முழுமையாக வெளிவந்தது.

இந்த வாழ்க்கையிலிருந்து நான் பெற்றுக்கொண்டது இதுதான். கொமேனியஸின் நம்பிக்கை, வகுப்பில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு விடை சொன்னபோது, அது காலத்தைத் தாண்டி நின்றது. பிள்ளையை எப்படி நடத்த வேண்டும், ஒரு மலரையோ மேகத்தையோ எவ்வளவு வியப்போடு பார்க்க வேண்டும் என்பதைச் சொன்னபோதும் நின்றது. ஆனால், பூமி அசைகிறதா, ஒளி என்பது என்ன, எந்த நூலைப் பிள்ளை படிக்கலாம், நாளை எந்த அரசு விழும் என்ற கேள்விகளுக்கு அது விடை சொல்லப் புகுந்தபோது தோற்றது. அவற்றுக்கான விடைகள் அளவையிலும் ஆய்விலும் திறந்த வாசிப்பிலும் கிடைப்பவை. எந்த மதத்தைச் சேர்ந்த ஆசிரியருக்கும் இந்தக் கோடு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோட்டை கொமேனியஸ் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு எல்லாம் ஒரே மரம். ஏழைப் பெண் பிள்ளைக்கும் பள்ளி வேண்டும் என்ற முடிவும், இயற்பியலை ஆதியாகமத்திலிருந்து எடுக்கலாம் என்ற முடிவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நாமோ முதல் கனியைப் பறித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். கட்டாயக் கல்விச் சட்டம், படங்கள் நிறைந்த பாடநூல், பிரம்பில்லா வகுப்பறை ஆகியவற்றை இன்று யாரும் மதத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. அதில் தவறில்லை, ஆனால், இழப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. எந்தப் பிள்ளையையும் கைவிடக் கூடாது என்பது அவருக்குச் சட்டத்தின் கட்டளையாக இருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் கடவுளின் சாயலைக் கண்டதால் வந்த கடமை அது. அந்த நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளாத நாம், கடைசி வரிசையில் திணறிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் திரும்பத் திரும்பப் போவதற்கான காரணத்தை நமக்குள் வேறெங்காவது தேடிக் கண்டடைந்தாக வேண்டும். அது இல்லாத வகுப்பறையில் மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு வேறுபாடு ஒன்றும் தெரியப்போவதில்லை.